விளக்கு வைத்த பிறகு உப்பு

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ கடைக்கு வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரூ லூயி-பிளாங் தெருவில் உன் கடையைத் திறக்கும்போது உப்பை நான்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கேட்டாய். புது வீடோ புதுக் கடையோ, உப்பும் மஞ்சளும் முதலில் உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மகன் தகப்பனிடம் கேட்கிற எத்தனையோ விஷயங்களில் இது சின்ன விஷயம். நான் "பாப்பம்" என்றேன். உன் முகம் விழுந்துவிட்டது. பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லி ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். அந்த "பாப்பம்" எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், உனக்குப் பிரெஞ்சு வந்துவிடும். ஆகவேதான் ரூ காய் தெருவில் நம் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் ஏற்றிவிட்டு, சனம் வருமுன் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமை, தம்பி. இதை வேறு சொல் போட்டு மூட எனக்கு விருப்பமில்லை. உன் அம்மா இதற்கு எரிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறாள், அதுவும் சரிதான். யார் மேல் என்று சொன்னால் நீ சிரிப்பாய். நித்யாவின் அப்பா, நம் சம்பந்தி மேல் கொஞ்சம். அவருடைய தாத்தா மேல் நிறைய. அந்த மனிதர் இரத்தினசாமி, காரைக்காலில் கடை வைத்திருந்தவர், நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே காலமாகிவிட்டவர். எனக்கும் அவருக்கும் ஒரு வாய்த்தகராறுகூட நடந்ததில்லை. ஆனாலும் இந்த இரண்டு வருஷமாகப் பரிஸில் எனக்கு இருக்கிற ஒரே எதிரி அவர்தான். "செத்த மனுசனோடை போட்டி போடுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்" என்று உன் அம்மா கெஸ் மேசையில் காசு வாங்கியபடியே சொல்கிறாள். அவளுக்கென்ன, சொல்லுவாள். அவளுக்கு மகன் போனான், மருமகள் வந்தாள். எனக்கு மகன் போனான், ஒரு சோடாப் போத்தல் வந்தது.

உன் கல்யாணம் பேச எபினே-சூர்-செய்னில் அவர்கள் வீட்டுக்குப் போன முதல் நாள் எனக்கு நல்ல நினைவு. கடையில் வந்திறங்கிய மாம்பழத்தில் நல்லதாகப் பொறுக்கி நானே ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். சம்பந்தி அதை வாங்கி, "மெர்சி சம்பந்தி" என்று குசினிக்குள் வைத்துவிட்டு, உன் கையைப் பிடித்து நேரே ஒரு கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அலமாரிக்குள் லைற் எரிந்தது, கோயில் மூலஸ்தானம் மாதிரி. தாத்தா கடையில் மிஞ்சிய சாமான்களை அவருடைய அப்பா ஓர் இரும்புப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் கொண்டுவந்தாராம். பச்சை நிறத்தில், கழுத்துக்குள் கண்ணாடிப் போளை வைத்த சோடாப் போத்தல்கள், நன்னாரி சர்பத் போத்தல், மூடியில் ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிற பிஸ்கட் தகரம், புகை படிந்த அரிக்கன் லாம்புச் சிமினி, நூல் பந்து, ஊசிப் பொட்டலம், படம் ஒட்டிய நெருப்புப்பெட்டிகள், காகிதம் பிரிக்காத ஒரு கட்டிச் சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் போட்ட படத்தில் இரத்தினசாமி, தலைப்பாகையோடு, தகரங்களுக்கு நடுவில் மகாராசா போல் இருந்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச வருஷத்தில் எடுத்த படமாம். அந்தக் காலத்தில் அந்த ஊரில் சோடா குடிப்பது பெரிய எடுப்பாம், கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தால் ஊரே பேசுமாம். சம்பந்தி ஒரு போத்தலை எடுத்துப் பெருவிரலால் போளையை அமத்திக் காட்டினார். நீயும் அமத்தினாய். டக் என்று ஒரு சத்தம். உன் முகத்தில் அன்று கண்ட வெளிச்சத்தை பள்ளிக்கூடம் முடித்து உன் பக் சோதனை முடிவு வந்த நாளில்கூட நான் காணவில்லை. நான் கொண்டுபோன மாம்பழத்தை யாரும் வெட்டவில்லை.

அதைக்கூட நான் விட்டுவிடுவேன். நெஞ்சில் குத்தியது வேறு. நீ வளர்ந்ததிலிருந்து நான் தமிழில் கேட்பேன், நீ பிரெஞ்சில் பதில் சொல்லுவாய். சாப்பிட்டியோ என்றால் "உய்", எங்கை போறாய் என்றால் தோளைக் குலுக்குவாய். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன். அந்த அலமாரிக்கு முன்னால் நின்று நீ தமிழ் பேசினாய். "இதுக்குப் பேர் என்ன மாமா? இதை எப்படித் திறப்பாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். கேட்டுக் கேட்டு, போன வருஷம் உன் வாயில் எங்கள் இஞ்சை போய் அவர்களின் இங்க வந்துவிட்டது, சவர்க்காரம் போய் சோப்பு வந்துவிட்டது. சோப்பு என்று நீ சொன்ன அன்று நான் நேரே களஞ்சிய அறைக்குப் போய், அடுக்கியிருந்த சவர்க்காரப் பெட்டிகளை இறக்கித் திரும்ப அடுக்கினேன். ஒருவன் தன் பிள்ளையைத் தமிழ் பேச வைக்க என்னவெல்லாம் செய்கிறான். தனிவகுப்பு, கோயில், விடுமுறைக்கு லண்டனில் மாமி வீடு. கடைசியில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் அதைச் செய்துவிட்டது. அதுவும் அடுத்தவன் வீட்டுத் தகரம்.

நீயே யோசித்துப் பார். இரத்தினசாமி விற்றது என்ன? சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, தேயிலை, சீனி, ஊசி, நூல், சோடா. நான் விற்பது என்ன? அதேதான். அவர் ஊர்ச்சனத்துக்கு விற்றார், நான் ரூ காயில் ஊர் விட்டு வந்த சனத்துக்கு விற்கிறேன். வீடு கூட்ட ஒரு தும்புத்தடிக்காக ரயிலேறி வந்த மனுசி இருக்கிறாள், காய்ச்சலில் இஞ்சிச் சோடா ஒன்று குடித்தால் போதும் என்று வந்த பெடியன் இருக்கிறான். ஆனால் என் சவர்க்காரத்தில் குளிக்கலாம், என் நெருப்புப்பெட்டியால் அடுப்பு மூட்டலாம். அதுதான் நான் விட்ட பிழை போலிருக்கிறது. யாரும் குளிக்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் ஒரு சவர்க்காரத்துக்கு மரியாதை வருகிறது. பதினாறு வயதில், கருவாட்டு மணம் பள்ளிக்கூடப் பையில் ஏறுகிறது என்று கடைக்குள் வரும்போது பையை வாசலில் தொங்கவிட்டு வந்தவன் நீ. இன்று எபினேயில் வெள்ளைத் துணியால் யாரோ ஒருவரின் சிமினியைத் துடைக்கிறாய். என் கடைத் தட்டுகளில் உள்ள தூசியை நீ ஒரு நாளும் கண்டதில்லை.

எனக்கும் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் இவ்வளவு வந்திராது. அவர்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடும் இரும்புப் பெட்டியோடும் வந்தவர்கள். நான் வந்தது எப்படி என்று உனக்குத் தெரியும். தோள்பையில் ஒரு சேட்டும் ஒரு ஸ்வெற்றரும் இருந்தன, ஸ்வெற்றரும் இரவல். ஊரில் மிஞ்சியிருந்த சின்னம்மாவின் வீடும் 2009 சண்டையில் போன பிறகு, எங்கள் வீட்டுச் சாமான் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு கரண்டிகூட இல்லை. என் தாத்தாவின் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது, அவர் சோடா குடித்தாரா என்று நான் எங்கே போய்க் கேட்பது? உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், உன் அம்மாவுக்குச் சொல்லாமல், பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போனேன். தகர லாம்பு ஒன்று அகப்பட்டது. இது எங்கடை பூட்டன்ரை என்று சொன்னால் யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டு வந்தேன். பொறாமை ஒரு மனிதனை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறது பார்.

அந்த மனநிலையோடுதான் போன மார்கழி வந்தது. வேலையை விட்டுவிட்டுச் சோடாக் கடை போடப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன், அதை நீ நம்ப வேண்டும். கடைக்காரன் மகன் கடைக்காரனாக வருகிறான் என்று பக்கத்துக் கடை அண்ணைக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பிறகு உன் அம்மாவின் போனுக்கு நீ பெயர்ப்பலகையின் படத்தை அனுப்பினாய். இரத்தினசாமி என்று பெரிய எழுத்து. கீழே சோடா, சர்பத், சாமான். பக்கத்தில் அந்தத் தலைப்பாகை. என் பெயரைப் போடு என்று நான் உன்னிடம் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஆனால் நான் கேட்காமலே உனக்கு ஒரு தரம் அது தோன்றியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து வடிவாக இருக்கிறது என்றாள்.

அன்று பின்னேரம் பார்த்துத்தான் சம்பந்தி கடைக்குள் வந்தார். மார்கழியில் பரிஸ் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். உன் அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அப்போதுதான் கெஸ்ஸில் வந்து உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை ஊறுகாய் போடப் போகிறோம், கல்லுப்பு ஒரு பாக்கெட் கொடுங்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு அலமாரிக்குள் இருக்கிற வெள்ளைக்காரியின் சிரிப்பாகத் தெரிந்தது. விளக்கு வைத்தால் உப்பு விற்கக் கூடாது, உப்போடு இலட்சுமியும் வெளியே போய்விடுவாள் என்று பழைய கடைக்காரர் சொல்லுவார்கள். நான் அந்தச் சாத்திரம் ஒரு நாளும் பார்த்தவன் இல்லை. முதல் நாள் இரவுகூட ஒரு மனுசிக்கு இரண்டு பாக்கெட் விற்றிருந்தேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"விளக்கு வைச்சாச்சு சம்பந்தி. இனி நாங்கள் உப்புக் குடுக்கிறேல்லை."

உன் அம்மா வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கு உள்ளே இனித்தது, தம்பி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. மனுசன் நொந்துபோய்த் திரும்பிப் போவார் என்று காத்திருந்தேன். அவர் கண் கலங்கி, கிட்ட வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க தாத்தா கடையிலயும் இதேதான் சம்பந்தி. வெளக்கு வச்சிட்டா உப்பு கெடையாது, ஊசி கெடையாது. அப்பா சொல்லிக் கேட்டதுதான், நான் பாத்ததில்ல. பாரீஸ்ல ஒருத்தர் இத விடாம செஞ்சிட்டு வர்றார்னா, நான் என்னத்த சொல்றது."

உப்பு வாங்காமல், உப்பு கிடைத்ததைவிடச் சந்தோஷமாக, வாசலில் நின்று நம் கடையை மேலும் கீழும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆப்பிரிக்க மனுசி தட்டிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்து கெஸ்ஸில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன செய்ய? இன்றைக்கு உப்பு இல்லை என்றேன். அவள் தன் முன்னாலிருந்த உப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாங்கிய அரிசி, மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். "நல்லா வேணும்" என்றாள் உன் அம்மா. சம்பந்தி இதையும் கண்டு, நெஞ்சில் கைவைத்து எனக்குத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை உன் அம்மாவைக் கேட்டுப் பார். சம்பந்தி இந்தக் கதையைத் தன் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எந்த நேரம் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் வருவார் என்று தெரியாமல், மாசி முடியும்வரை இருட்டினால் உப்புத் தட்டைத் துவாயால் மூட வேண்டியிருந்தது. என் தாத்தாவுக்கு ஒரு கடை இல்லாததால் நான் எரிந்தேன். அவரோ என்னையே தன் தாத்தா கடையில் ஒரு சாமானாக்கிவிட்டார். ஆகவே நேற்று நீ வந்து உப்பை நான் கொண்டுவர வேண்டும் என்றபோது ஒரு நொடி மனம் குளிர்ந்தது. உடனே நீ, "மாமாதான் சொன்னவர், அப்பாதான் அதுக்குச் சரியான ஆளாம்" என்றாய். அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. என் மகனின் கடைக்கு நான் போவதற்கும் அவர் சொல்ல வேண்டுமா? அதுவும் நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு பொய்க்காகவா? அதுதான் "பாப்பம்" என்றேன்.

போகும்போது நீ சொன்னதுதான் என்னைப் போட்டுக் குழப்பியது. "விளக்கு வைக்க முதல் வாங்கோ அப்பா" என்றாய். சோப்பு என்று சொல்கிற வாயால் அதை எங்கள் பேச்சில் சொன்னாய். கடை திறக்கிற நேரம் காலை பத்து மணி. காலையில் எந்த விளக்குக்கு முன் வருவது? நக்கல் அடிக்கிறான் என்று உன் அம்மாவிடம் புறுபுறுத்தேன். அவள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அவனுக்குத் தெரியாதே? இந்தக் கெஸ்ஸிலை இருந்து படிச்ச பிள்ளை. எத்தினை இரவு உப்புக்குக் காசு வாங்கிப் போட்டவன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை வாசலில் தொங்கவிட்டு, மூக்கைச் சுளித்தபடி நீ படித்தது இந்தக் கெஸ்ஸில்தான். குளிர்காலத்தில் வெளியே கும்மிருட்டாக இருக்கும், சாமி விளக்கு உன் தலைக்கு மேலே எரியும், உப்பு, சீனி, பால்மா என்று எது வந்தாலும் பாடக் கொப்பியிலிருந்து கண் எடுக்காமலே விலையை அடிப்பாய். இந்தக் கடையில் விளக்கு வைத்த பிறகு உப்பு விற்றவன் நான் மட்டுமில்லை, நீயும்தான். உன் மாமா அந்தக் கதையை முதல்முதல் உன்னிடம் சொன்னபோதே அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் சொன்னேன் என்பதும் தெரிந்திருக்கும், நீ கெட்டிக்காரன். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அவர் முன்னால் குறுகிப்போயிருப்பேன். நீ சொல்லவில்லை. இவ்வளவு நாளும் அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். நேற்று அவர் பெயரைச் சாட்டி, எல்லாம் தெரிந்துகொண்டே வந்து என்னைக் கேட்டிருக்கிறாய்.

ஆகவே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன், உப்போடு வருவேன். ஆனால் மண்சட்டியில் கொட்டிக் கொண்டுவா, பித்தளைச் செம்பில் கொண்டுவா என்று யாரும் சொல்லக்கூடாது. நம் கடைத் தட்டிலிருந்து எடுத்த பாக்கெட்டாக, நம் விலைச்சிட்டை ஒட்டினபடியே கொண்டுவருவேன். அதை உன் பழைய தகரங்களுக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு வைக்காதே. பிரித்து, சர்பத்தில் ஒரு சிட்டிகை போடு, எலுமிச்சைச் சோடாவில் போடு. கடை என்றால் சாமான் முடிய வேண்டும், முடிந்தால்தான் ஆள் திரும்பி வரும். இரத்தினசாமியும் அதைத்தான் செய்திருப்பார், அவரை ஒரு கடைக்காரனாக நான் ஒப்புக்கொள்கிறேன். நித்யாவைப் படியேற்றிவிட்டு நீ பின்னால் ஏறு, அவள் வீட்டுப் பெயர்தானே பலகையில் இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே நுழையும்போது எனக்கு எரியும். எரியட்டும், முகத்தில் காட்ட மாட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நேற்றைக்கு இன்று கொஞ்சம் குறைவு. உன் மாமாவிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் நீயும் நானும் ஒளித்து வைத்திருக்கிற இந்த ஒன்று அவரிடம் இல்லை. அதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு வருகிறது, உன் அம்மா என்னவென்று கேட்கிறாள். உப்பு முடிந்தால் வா, தம்பி. விளக்கு வைத்த பிறகு வந்தாலும் தருவேன். மாமாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே.

ரூ காயிலிருந்து,
உன் அப்பா